பன்னிரண்டு வினைக்காரர்

ஜூலை பிறந்துவிட்டால் சாலமன்காவில் இவரைப் பார்க்கலாம். ஸ்பானிஷ் கற்க உலகமே அந்த ஊருக்கு வந்து இறங்கும் மாதம் அது. எந்த வகுப்பில் எட்டிப் பார்த்தாலும் இவர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற ஜெர்மன் பொறியாளராக இருக்கலாம், டச்சுப் பல் மருத்துவராக இருக்கலாம். நாடுதான் மாறும், ஆசாமி மாறமாட்டார். முன்வரிசை நாற்காலி, நாலு நிறப் பேனா, ஓரம் மடங்காத நோட்டு.

'இன்று பேச்சுப் பயிற்சி' என்று ஆசிரியை சொன்னால் முகம் சுண்டிவிடும். 'இன்று எதிர்காலம்' என்றால் மாப்பிள்ளைக் களை வந்துவிடும். காரணம் உண்டு. ஸ்பானிஷின் நிகழ்காலமும் இறந்தகாலமும் போக்கிரி வினைகள் மலிந்த பேட்டைகள். யார் எந்தச் சந்தில் பதுங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது. எதிர்காலமோ பரம சாது. வினையை முழுசாக வைத்துப் பின்னால் ஒரு விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது. அடங்காதவை மொத்தமே 12. மற்றதெல்லாம் அவற்றின் சந்ததி. எண்ணி முடிக்கக் கூடியது எதுவோ, அதுதான் நம்மவருக்கு மொழி.

அந்தப் பன்னிரண்டையும் அவர் சொல்லக் கேட்கவேண்டும். தெந்த்ரே, பொந்த்ரே, சல்த்ரே, பெந்த்ரே, பல்த்ரே: இந்த ஐந்தும் நடுவில் ஒரு 'த'வைச் செருகிக்கொண்டவை. பொத்ரே, சப்ரே, அப்ரே, கப்ரே, கெர்ரே: இவை ஓர் உயிரெழுத்தை விழுங்கியவை. அரே, திரே: இரண்டும் இளைத்துத் துரும்பானவை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்ப்பார். கைதட்ட வேண்டியது நம் பொறுப்பு.

'செர்', 'ஈர்' என்று இரண்டு வினைகள் உண்டு; மற்ற காலங்களில் செய்யாத அட்டூழியம் இல்லை. எதிர்காலத்தில் அவை இரண்டும் திருந்தி, ஒழுங்காக விகுதி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இவர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லவர்களிடம் இவருக்கு என்ன வேலை?

'சொல்' என்று பொருள்படும் 'தெசிர்' எதிர்காலத்தில் 'திரே' ஆகும். ஆனால் அதன் வழிவந்த, ஆசீர்வதிப்பதற்கும் சபிப்பதற்கும் உரிய இரண்டு வினைகள் அப்படி இளைப்பதில்லை, முழு உடம்போடு வரும். இது ஆசிரியைக்கே ஒருநாள் மறந்துபோனது. அன்று நம்மவர் இரவுச் சாப்பாட்டை மறந்தார்.

1492-இல் நெப்ரிஹா எழுதிய ஸ்பானிஷ் இலக்கணம் அச்சேறியது இதே ஊரில்தான். எதிர்கால விகுதி என்பது வேறொன்றுமில்லை, 'ஆபேர்' என்ற துணைவினை வந்து ஒட்டிக்கொண்டதுதான் என்று அவரே கண்டு சொல்லிவிட்டார். இதை நம்மவர் பல்கலைக்கழக வாசலில் நின்றபடி விளக்குவார். கூட வந்தவர்கள் முகப்புச் சிற்பத்தில் மண்டையோட்டின்மேல் குந்தியிருக்கும் தவளையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதைத் தாமாகக் கண்டுபிடித்தவர் தேர்வில் தேறுவார் என்பது ஊர் நம்பிக்கை. இவருக்குத் தவளை எதற்கு? சட்டைப்பையில் அந்தப் பன்னிரண்டையும் எழுதிய அட்டை இருக்கிறது.

இனி காப்பிக் கடை. மற்றவர்கள் ஒரு வார்த்தையில் 'போன்மே' என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். நம்மவருக்கு அது மரியாதையாகப் படவில்லை. தொண்டையைச் செருமி, 'ர்'-ஐ நன்றாக உருட்டி, "கெர்ரே உன் கஃபே கொன் லெச்சே" என்கிறார். அதாவது, எனக்குப் பால் காப்பி தேவைப்படும்.

கடைக்காரர் நியாயஸ்தர். "எப்போது?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். பக்கத்தில் எக்கி நின்ற பொடியன் பழச்சாறு வாங்கி, குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு போயும்விட்டான். காப்பி வரவில்லை. ஆனால் உச்சரிப்பில் பிழையில்லை என்ற திருப்தி நம்மவர் முகத்தில் நிறைந்திருந்தது.

இத்தனைக்கும் அந்த ஊர்க்காரர்கள் நாளைய திட்டத்துக்கு இந்த எதிர்காலத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. 'போய் அ' என்று தொடங்கி, பின்னால் ஒரு வினையை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். இவர் கண்ணில் அது திருட்டு ரயில் பயணம். சரி, பிறகு அந்த எதிர்காலத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்றால், சத்தியம் செய்வதற்கு எடுப்பார்கள், ஊகம் சொல்வதற்கு எடுப்பார்கள். மணி என்ன இருக்கும், அவன் எங்கே போயிருப்பான் என்கிற மாதிரியான பேச்சுக்கெல்லாம் அதுதான். பாடப் புத்தகத்தில் இது கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அட்டவணை இல்லாததால் நம்மவர் அங்கே தங்கவில்லை.

ஒருநாள் மாலை, மழமழவென்று சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, பிளாசா மாயோருக்கு உலாவக் கிளம்பினார். கூடத்தில் வீட்டுக்கார அம்மாள் அவருக்கு முதுகைக் காட்டியபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். தம் விருந்தாளியைப் பற்றித்தான் பேச்சு.

"எஸ்தரா எஸ்துதியாந்தோ," என்றார் அந்த அம்மாள். இந்நேரம் படித்துக்கொண்டிருப்பார் என்று ஊகம்.

நம்மவர் நின்றார். எதிர்காலம், படர்க்கை, ஒருமை. முறை பிசகாத வினை. தமக்கு இட்டிருக்கும் வேலை அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தமில்லாமல் திரும்பி அறைக்குப் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நோட்டைத் திறந்து உட்கார்ந்தார்.