ஆபீஸ் லேப்டாப்பில் குடியிருக்கும் ஏஜென்ட்

கே: ஆபீஸ் லேப்டாப்பில் நான் எதையும் தொடவில்லை. காலையில் திறந்தால் புது சாஃப்ட்வேர் வந்து உட்கார்ந்திருக்கிறது. யார் போட்டது? (வாசகி, மேடவாக்கம்)

ப: முன்பே உள்ளே குடியிருக்கும் ஏஜென்ட், அதாவது ஐ.டி. பிரிவு போட்டு வைத்த ஒரு புரோகிராம். உங்கள் வீட்டு வை-ஃபைக்குள் யாரும் நுழையவில்லை. 'இந்தப் பிரிவுக்கு இது வேண்டும்' என்று ஐ.டி. ஆட்கள் சர்வரில் எழுதி வைப்பார்கள். ஏஜென்ட் தானே போய் விசாரித்து, எடுத்து வந்து, நிறுவும். மைக்ரோசாஃப்டின் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்ற நிர்வாக சாஃப்ட்வேரில் இந்த விசாரிப்பு வழக்கமாக 60 நிமிடத்துக்கு ஒரு முறை. ஸோஹோவின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரலில் 90 நிமிடம். பின்னது நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு, தாம்பரம் தாண்டிக் கூடுவாஞ்சேரிப் பக்கம். 2022 வரை அதன் பெயர் டெஸ்க்டாப் சென்ட்ரல்.

கே: ஏஜென்ட் என்பது ஒரே புரோகிராமா? (சப்போர்ட் எஞ்சினியர், சோழிங்கநல்லூர்)

ப: வெளியே ஒரு சர்வீஸ், உள்ளே ஒரு பட்டறை. கான்ஃபிகரேஷன் மேனேஜரையே எடுத்துக்கொள்வோம். கட்டளையை வாங்கி வருவது ஒருவர் வேலை. மெஷினில் எவ்வளவு ரேம், என்ன டிஸ்க் என்று கணக்கெடுப்பது இன்னொருவர். ஃபைலை இறக்குவது, நிறுவுவது, எந்த சாஃப்ட்வேர் எவ்வளவு பயன்படுகிறது என்று பார்ப்பது, தூரத்திலிருந்து ஸ்கிரீனைப் பிடிப்பது எல்லாம் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனி நேரம்: கட்டளை விசாரிப்பு மணிக்கு ஒரு முறை என்றால், ஹார்டுவேர் கணக்கு வழக்கமாக 7 நாளுக்கு ஒரு முறை. முதல் தடவை முழுக் கணக்கு போகும். அடுத்த முறை மாறியது மட்டும்.

இப்படிப் பிரித்ததன் அருமை, பழுது பார்க்கும்போது தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிசிஎம், அதற்குள் லாக்ஸ் என்று போனால் ஒவ்வொரு வேலைக்கும் தனி லாக் இருக்கும். பாலிசிஏஜென்ட் லாகில் கட்டளை வந்ததா? கன்டென்ட் டிரான்ஸ்ஃபர் மேனேஜர் லாகில் ஃபைல் இறங்கியதா? இரண்டும் சரி என்றால் ஆப்என்ஃபோர்ஸ் லாகின் அடிப்பக்கம் பாருங்கள். 1618 என்றிருந்தால் வேறொரு நிறுவல் நடுவில் ஓடுகிறது, பொறுத்திருங்கள். 1603 என்றால் நிறுவலே தோற்றுவிட்டது, தொகுப்பைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மூட்டையாக இருந்தால் 'வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரியோடு நாள் போய்விடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ரீ-இன்ஸ்டால் பண்ணுவதற்கு முன் லாகைப் படியுங்கள்.

கே: 300 லேப்டாப், 2 ஜிபி சாஃப்ட்வேர். எங்கள் கிளை ஆபீஸ் லைன் தாங்குமா? (வாசகர், மேடவாக்கம் கூட்ரோடு)

ப: ஆளாளுக்குத் தலைமையகம் போனால் 600 ஜிபி. தாங்காது. அரிசிக்கு ஊர் முழுக்கக் குடோன் வாசலிலா நிற்கிறது? ரேஷன் கடை இருக்கிறதே. கிளையிலேயே ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட் வைத்தால், வெளி லைனில் 2 ஜிபி ஒரே முறை வரும். மற்றவை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். டிசம்பர் மழையில் நெட் அறுந்தாலும் பயமில்லை, விட்ட இடத்திலிருந்து இறக்கத் தெரிந்த ஏஜென்ட் அது.

கே: இதே வேலை செய்யும் பிக்ஃபிக்ஸ் சாஃப்ட்வேர் மட்டும் வேறு மாதிரி என்கிறார்களே? (வாசகர், பெரும்பாக்கம்)

ப: 'இது எனக்குப் பொருந்துமா' என்ற கேள்விக்கு அங்கே ஏஜென்ட்டே விடை காணும், சர்வர் பட்டியல் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிக்ஃபிக்ஸை 2010-ல் ஐபிஎம் வாங்கியது, 2019-ல் அது எச்சிஎல் கைக்கு வந்தது.

கே: என் ஸ்கிரீனை யாராவது பார்க்கிறார்களா? (வாசகி, பள்ளிக்கரணை)

ப: பார்க்கும் வசதி உண்டு. உங்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்ற செட்டிங்கும் உண்டு. அது ஆனில் இருக்கிறதா என்று ஐ.டி.யிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கே: கஸ்டமருக்கு பிரசென்டேஷன் காட்டும்போது ரீஸ்டார்ட் ஆனது. ஏஜென்ட்டுக்கு மூளை இல்லையா? (வாசகர், வேளச்சேரி)

ப: ஏஜென்ட்டைத் திட்டாதீர்கள். நிறுவுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. நிறுவல் 3010 என்று முடிந்தால் 'ரீஸ்டார்ட் தேவை' என்றுதான் பொருள். 'இப்போதே' என்று அது சொல்லவில்லை. கெடுவைப் பகல் வேளையில் வைத்தது ஒரு மனிதர். நான் வேலை பார்த்த ஓர் ஆபீசில் மார்ச் 31 மாலை இப்படி ஒரு கெடு விழுந்தது. கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் இரண்டு மணி நேர வேலையை இழந்து, கறுத்த ஸ்கிரீன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பராமரிப்புக்கென்று தனி நேரம் ஒதுக்கும் வசதி கையில் இருந்தும் நாங்கள் ஒதுக்கவில்லை. இன்றும் எனக்கு உறுத்துகிறது.

கே: எல்லோருக்கும் ஒரேயடியாகத் தள்ளினால் வேலை சீக்கிரம் முடியுமே? (வாசகர், தாம்பரம்)

ப: 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஏஜென்ட்டுக்குப் போன ஒரு பிழையான அப்டேட். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் படிப்படியாகத் தள்ளுங்கள்: முதலில் ஐ.டி. டீமின் பத்து மெஷின், அப்புறம் ஒரு பிரிவு, அப்புறம் ஊர்.

கே: சொந்த லேப்டாப்பில் ஆபீஸ் ஏஜென்ட் இருக்கிறது. வேலையை விடுகிறேன். என்ன செய்ய? (வாசகி, மேடவாக்கம்)

ப: கடைசி நாளில் ஐ.டி. ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து, பெயர் போய்விட்டதா என்று நீங்களே பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.