காலாட்டிப் பிழைக்கலாம்

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’ என்ற பழமொழியை நம்பி எந்தச் சோம்பேறியாவது மூட்டை கட்டியிருந்தால், பாவம், அவனைக் குழித்தறியில் உட்கார வைத்திருப்பார்கள். குழிக்குள் கால், மிதிக்கட்டை மேல் பாதம். காலை ஆட்டினால்தான் பாவு பிரியும். பாவு பிரிந்தால்தான் நாடா ஓடும். பழமொழியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொன்னவர் தறியை நினைத்தார், கேட்டவன் திண்ணையை நினைத்தான்.

ஏமாற்றுக்குத் தமிழில் சொல் பஞ்சமே கிடையாது. கப்சா, புருடா, ரீல், உடான்ஸ் எல்லாம் சில்லறை ரகம். கேட்டவருக்கு நேரம்தான் நஷ்டம். அல்வா கொடுத்தால் காரியம் கெடும். நாமம் போட்டால் காசே போய்விடும். அதிலும் காஞ்சிக்காரர்களுக்குக் கூடுதல் சங்கடம். பெரிய காஞ்சிபுரத்தில் சிவனுக்குப் பட்டை, சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜருக்கு நாமம். எவனோ ஒருவன் ‘பட்டை நாமம்’ சாத்திவிட்டு ஓடினால், இரண்டு காஞ்சியும் சேர்ந்து பழி சுமக்க வேண்டும்!

ஊருக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசம்’ என்ற சமஸ்கிருத அங்கத நாடகம் எழுதினான். கதை நடப்பது காஞ்சியில். அதில் வரும் நாகசேனன் என்ற பௌத்த பிக்குவுக்கு ஒரு பெரிய சந்தேகம்: கருணையே வடிவான புத்தர் மதுவையும் மங்கையையும் விலக்கச் சொல்லியிருப்பாரா? பொறாமை பிடித்த கிழட்டுத் துறவிகள்தான் அந்த அனுமதியை நூலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும்! வாட்ஸ்அப் இல்லாத காலம். இல்லாவிட்டால் அன்றே ஊரெல்லாம் பரவியிருக்கும்.

இன்று அந்த வித்தை ஜவுளிக் கடைக்கு வந்துவிட்டது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் ‘ஆர்ட் சில்க்’ பளபளக்கத்தான் செய்கிறது. வாங்குபவர் ‘ஆர்ட்’ என்றால் கலை என்று பூரித்துப்போகிறார். அது ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்பதன் வால் நறுக்கிய வடிவம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னார்.

மீதியைத் தீக்குச்சி சொல்லும். முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டு தலைமுடி பொசுங்கும் நாற்றம் அடித்து, விரலில் தேய்த்ததும் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான கறுப்பு மணியாகத் திரளும். வீட்டுக்கு வந்து அதைச் செய்து பார்த்தவர்கள், அடுத்த கல்யாணத்துக்கும் அதே சேலையைத்தான் கட்டுகிறார்கள். கேட்டால், “காஞ்சிபுரத்திலேயே போய் எடுத்தது” என்கிறார்கள். அதிலும் பொய்யில்லை.