ரெண்டு கங்காணி, ஒரு ஃபேன்

வாடா பேராண்டி. தீபாவளிக்குக் கொழும்புலேர்ந்து வர்றவன் பட்டாசு கொண்டாருவான்னு பாத்தா, தீப்பெட்டி அளவுல ரெண்டு ரிலே கொண்டாந்திருக்க. குளிக்கிற அறை ஃபேனை இனிமே போன்லயே வேகம் கூட்டிக் கொறைக்கப் போறியாமே? படிச்ச புள்ள, செய்வ.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. ரிலேக்குத் தெரிஞ்சது போடுறதும் நிறுத்துறதும்தான். கொஞ்சம் மெதுவான்னு சொன்னா அதுக்கு வெளங்காது. பட்டுப் பட்டுன்னு போட்டு நிறுத்திக்கிட்டே இருந்தா வேகம் கொறையாது, ரிலேயோட ஆயுசுதான் கொறையும். அடுத்து, லைட்டுக்கு மாட்டுற டிம்மரை இதுல மாட்டலாமான்னு கேப்ப. மாட்டு, மோட்டர் முனகும், சூடாகும், ராத்திரி பாட்டி எந்திரிச்சு வந்து வீட்ல பேய் இருக்குன்னுவா.

ஃபேனைத் திறந்து பாரு. வேகத்துக்கு ஒரு கம்பின்னு தனித்தனியா வந்திருந்தா உனக்கு யோகம். மோட்டர் சுருள்ல வேற வேற எடத்துல எடுத்த கம்பிங்க அதெல்லாம். ஒரு நேரத்துல ஒண்ணுக்குத்தான் கரண்ட் குடுக்கணும். நீ போன்ல ரெண்டு பொத்தான் வச்சு, தூக்கக் கலக்கத்துல ரெண்டையும் அமுக்கிட்டேன்னு வை, ரெண்டு கங்காணி ஒரே ஆளை ஒரே நேரத்துல ரெண்டு மலைக்கு வெரட்டின கததான். சுருள் கருகிப்போகும்.

அதனால மொத ரிலே, ஓடுறதா நிக்கிறதாங்கிறத மட்டும் பாக்கட்டும். அதுலேர்ந்து வர்ற கம்பியை ரெண்டாவது ரிலேயோட நடு முனையில குடு. அதுக்கு ஒரு பக்கம் மெதுவு, மறுபக்கம் வேகம். உள்ள இருக்கிற நாக்கு ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் தொடும். உன் போனுக்குக் கிறுக்குப் புடிச்சாலும் ரெண்டும் ஒண்ணு சேராது. ரெண்டு பக்கமும் முனை இருக்கிற ரிலேயான்னு கடையிலயே பாத்து வாங்கணும். வேகம் மாத்துறப்ப மொத ரிலேயை நிறுத்திட்டு மாத்து.

ஈரம் 60 வீதத்தைத் தாண்டினா ஃபேன் தானா ஓடணும்னு வேற போன்ல எழுதி வச்சிருக்கியாம். சிரிப்பு தாங்கல எனக்கு. இது அட்டன்டா! தென்மேல் மழை புடிச்சா வெளிய நிக்கிற காத்தே 90ஐத் தாண்டிரும். குளிச்ச ஆவி போகும், 60 மட்டும் வராது. உன் ஃபேன் மே மாசம் ஓட ஆரம்பிச்சா செப்டம்பர்ல வந்துதான் மூச்சு வாங்கும். கரண்ட் பில்லை நீயே கட்டுறதா இருந்தா எனக்கொண்ணும் இல்ல. குளிக்கறதுக்கு முன்ன இருந்த ஈரத்தைவிட சடார்னு ஏறினா ஓடட்டும், கொஞ்ச நேரத்துல தானா நிக்கட்டும்னு மாத்தி எழுது.

எங்க தேயிலை ஸ்டோருல இதெல்லாம் போன் இல்லாமயே நடந்துச்சு. டெய்லர் தொரை 1867ல லூல்கந்துராவுல தேயிலை போட்டு, பங்களா வராந்தாவுலயே தூளும் செஞ்சாரே, அவருக்கு ஏது ஃபேன்? பின்னாடிதான் கொழுந்து வாட்டுற தொட்டியும் அடியில காத்தடிக்கிற ஃபேனும் வந்துச்சு. பக்கத்துல ரெண்டு வெப்பமானி தொங்கும். ஒண்ணோட குண்டுல ஈரத்துணி சுத்தியிருக்கும். ரெண்டுக்கும் வித்தியாசம் கொறைஞ்சா காத்து ஏற்கனவே தண்ணி குடிச்சு நெறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். எவ்வளவு ஊதினாலும் கொழுந்து வாடாது, சூடு காத்துக் கலக்கணும். தை மாசி வெயில்ல வித்தியாசம் கூடிரும். அப்ப காத்தைக் கொறைக்கலன்னா கொழுந்து வாடாம காஞ்சிரும்.

இப்ப அந்தப் பெரிய திரீ பேஸ் மோட்டருக்கு டிரைவ் மாட்டி, 50 ஹெர்ட்ஸைக் கீழ எறக்கி வேகத்தைக் கொறைக்கிறாங்க. வேகத்தை 80 வீதத்துக்கு எறக்கினா ஃபேன் இழுக்கிற மின்சாரம் ஏறக்குறையப் பாதியாயிரும். மிச்சம் புடிக்கணும்னா அங்க புடிக்கலாம். உன் குளியலறை ஃபேன்ல மிச்சமாகுறது, ரிலே வாங்கின காசுக்கே வருசக்கணக்கா காணாது.

ஆசைப்பட்டு வாங்கிட்ட, மாட்டு. மெயினை நிறுத்தாம மட்டும் பெட்டியைத் திறக்காத. 230 வோல்ட்டுக்குத் தீபாவளி லீவு கெடையாது. வயர்மேனைக் கூப்பிட்டு வச்சே செய்.