மொட்டை மாடியில் குழி

என் ஆன்டெனா உலகத்திலேயே தலைசிறந்த ஆன்டெனாவாக விளங்கிய காலம் மொத்தம் 11 நிமிஷம். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் அது நடந்தது. கையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கருவி. நானோ வி.என்.ஏ. என்று பெயர். எஸ்.டபிள்யூ.ஆர். 1.01 என்று அதன் திரை சொன்னது.

ஆன்டெனாவுக்கு நாம் அனுப்புகிற சக்தியில் எவ்வளவு 'எனக்கு வேண்டாம்' என்று திரும்பி வருகிறது என்பதைச் சொல்கிற கணக்குத்தான் எஸ்.டபிள்யூ.ஆர். சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிய சீர்வரிசை மாதிரி. மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் 1. அளவு 2 என்றால் நூற்றுக்குப் பதினொன்று திரும்பிவிட்டது. 3 என்றால் கால்வாசி. 1.01 என்றால் சம்பந்தி தாம்பாளத்தையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

அடையாறில் இருக்கும் குருநாதருக்குப் போன் போட்டேன். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் ஒருவரையொருவர் 'ஓ.எம்.' என்பார்கள், அதாவது ஓல்டு மேன். இருபது வயதுப் பையனுக்கும் அதே மரியாதைதான். குருநாதர் விஷயத்தில் அது உண்மையும்கூட. அதனாலேயே நான் 'சார்' என்று நிறுத்திக்கொள்வேன்.

"சார், 1.01!"

"எந்த ஃப்ரீக்வென்ஸியில?"

"எல்லா ஃப்ரீக்வென்ஸியிலயும் சார். கோடு தரை மாதிரி போகுது."

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆன்டெனாவை எந்த ஓட்டையில மாட்டியிருக்கீங்க?"

கருவிக்கு இரண்டு ஓட்டைகள். அளப்பது முதல் ஓட்டை. என் ஆன்டெனா இரண்டாவதில் இருந்தது. முதலாவதில், அளவைச் சரிபார்ப்பதற்காகக் கொடுத்திருந்த 50 ஓம் மூடி, மாட்டியது மாட்டியபடி. காலையிலிருந்து நான் அளந்துகொண்டிருந்தது அந்த மூடியைத்தான்.

"நல்ல மூடிதான்," என்றார் குருநாதர். "அதை வெச்சு யார்கிட்டயும் பேச முடியாது."

இந்த மூடிகள் மொத்தம் மூன்று: ஓப்பன், ஷார்ட், லோட். அளக்க உட்காரும்போது ஒவ்வொன்றாக மாட்டி, 'இதுதான் திறந்தது, இதுதான் மூடியது, இதுதான் 50 ஓம்' என்று கருவிக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க வேண்டும். தங்க நிறம், காதுத் திருகாணி சைஸ். முதல் வாரமே ஒன்று காணாமல் போய், மூன்று நாள் கழித்து மனைவியின் நகைப்பெட்டியில் அகப்பட்டது. தரையில் கிடந்ததைத் தன்னுடையது என்று எடுத்து வைத்தாளாம். தன் திருகாணி இதைவிடக் கனம் என்று அப்போதே தோன்றியதாம்.

ஹாம் மொழியில் மனைவிக்கு எக்ஸ்.ஒய்.எல். என்று பெயர். முன்னாள் இளம்பெண் என்று விரியும். உரிமப் பரீட்சைக்குப் படிக்கும்போது அதை உரக்கப் படித்தது என் தவறு.

சென்னைக்கு இந்தப் பைத்தியம் நேற்றுப் பிடித்ததல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று 40 வாட் கருவியை வைத்துக்கொண்டு ஒலிபரப்ப ஆரம்பித்துவிட்டது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வைக்கப்பட்டதே 1936-ல்தான். கிளப் 1927-ல் பணமுடையால் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. இந்தச் சரித்திரம் முழுவதையும் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவிக்குக் கடைசி வாக்கியம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என் ஆன்டெனா ரொம்பச் சாதாரணம். ரிச்சி தெருவில் வாங்கிய இணைப்பியில், மேல்நோக்கி ஒரு அலுமினியக் கம்பி, கீழே சாய்ந்தாற்போல் நான்கு. நமக்கு அனுமதித்திருக்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்கு, நட்டுக்குத்தலான கம்பி ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூன்றாம் மாடி மாமி அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஸ்வாமிக்கு வேண்டுதல்?" என்று கேட்டார்.

சரியான ஓட்டையில் மாட்டிய பிறகு கருவி ஒரு பள்ளத்தாக்கைக் காட்டும். அதைக் 'குழி' என்போம். எந்த ஃப்ரீக்வென்ஸியில் குழி விழுகிறதோ, அங்கேதான் ஆன்டெனாவுக்கு மனசு. கம்பி நீளமாயிருந்தால் குழி இடது பக்கம் இருக்கும். வெட்ட வெட்ட வலது பக்கம் நகரும். இந்தச் சைஸில் ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். "நகம் கிள்ளுற மாதிரி கிள்ளணும்," என்று குருநாதர் சொல்லியிருந்தார். மிருதங்கக்காரர் கல்லால் தட்டிச் சுருதியை மேலேயும் ஏற்றலாம், கீழேயும் இறக்கலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. வெட்டிய கம்பி வளராது.

மாடியிலேயே, ஆன்டெனாவின் காலடியில் சின்ன கேபிளைப் போட்டு அளந்தேன். குழி 135-ல். சுமார் மூன்றரை சென்டிமீட்டர் வெட்டினேன். 145-ல் கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் 147. இன்னும் கொஞ்ச நேரத்தில் 149. பிறகு 151. யாரும் தொடவில்லை. கருவிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, மேலே துண்டைப் போட்டுப் போர்த்தினேன்.

அப்போதுதான் மாமி வந்து, ஆன்டெனாவை ஒட்டிக் கொடியில் போட்டிருந்த ஒன்பது கஜத்தை உதறி மடித்துக்கொண்டே, "உங்க ஏரியல் பக்கத்துல போட்டா சீக்கிரம் காயறதே!" என்றார். புடவை போனது. குழி 152-ல் நின்றது. அதற்குமேல் நகரவில்லை. ஈரத்துணி பக்கத்தில் இருந்தால் குழி இடது பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. ஆன்டெனாவை மட்டும் அளப்பதாக நினைத்து, ஆன்டெனாவையும் மாமியின் புடவையையும் சேர்த்து அளந்திருக்கிறேன். புடவை காயக் காயக் குழி நகர்ந்திருக்கிறது. கம்பியை மாற்றி மறுபடி ஆரம்பித்தேன், மாமி துவைக்காத நாளாகப் பார்த்து.

இதற்கெல்லாம் மேலே கேபிள் விவகாரம்.

மாடியிலிருந்து என் அறைக்கு 25 மீட்டர் கேபிள் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் பழைய சுருள் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். இரண்டு ஐப்பசி மழை பார்த்த சுருள். அதை இழுத்து, அறையில் உட்கார்ந்து அளந்தேன். 1.2! இந்தத் தடவை முதல் ஓட்டைதான், மூடி இல்லை, புடவை இல்லை. எல்லாம் பார்த்துவிட்டேன். ஆனால் நான் கூப்பிட்டால் தாம்பரத்தில் பதில் இல்லை. அடையாறில் குருநாதருக்கே என் குரல் கொசு பாடுவதுபோல் கேட்டதாம்.

நேரில் வந்தார். கருவியை வாங்கித் திரையை மாற்றினார். வட்டத்துக்குள் கோடு ஜாங்கிரி பிழிகிற படம் ஒன்று வந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்து பிலிப் ஸ்மித் 1939-ல் வெளியிட்ட வரைபடம் அது. விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் ஒரு ஜென்மம் வேண்டும். நம்முடைய ஜாங்கிரி ரொம்பச் சின்னதாக, நடுவிலேயே சுருண்டு கிடந்தது. அவர் முகம் சரியில்லை.

"மேல போய் ஆன்டெனாவைக் கழட்டிட்டு வாங்க."

கழற்றிவிட்டு மூச்சிரைக்க இறங்கினேன். கேபிளின் மறுமுனையில் இப்போது ஒன்றுமே இல்லை. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தாக வேண்டும். அளவு எங்கோ கூரைக்குப் போயிருக்க வேண்டும். கருவி காட்டியது 1.4.

சம்பந்தியே ஊரில் இல்லை, சீர்வரிசையும் திரும்பி வரவில்லை. வழியிலேயே தின்றாகிவிட்டது. போகும்போது பெரும்பங்கைக் கேபிள் விழுங்கியது. மிச்சம் திரும்பி வரும்போது அதிலும் பெரும்பங்கை விழுங்கியது. அதனால் கருவிக்கு எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தோன்றியது. கத்தியால் கீறிப் பார்த்தோம். உள்ளே செம்புப் பின்னல் கறுத்துப் பாசி பிடித்திருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்தது.

குருநாதர் காகிதத்தில் கணக்குப் போட்டார். நான் அனுப்பிய 5 வாட்டில் மேலே போய்ச் சேர்ந்தது சுமார் 0.8 வாட். ரூபாய்க்குப் பதினாறு பைசா. அரசு செலவிடும் ரூபாயில் 15 பைசாதான் மக்களைச் சேர்கிறது என்று ராஜீவ் காந்தி 1985-ல் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. அவரும் ஹாம்தான், அழைப்புக்குறி வி.யூ.2 ஆர்.ஜி. அவருக்குக் கேபிள் அனுபவம் ஏதும் இருந்திருக்கலாம் என்பது என் சொந்தச் சந்தேகம்.

புதுக் கேபிள் போட்டோம். எஸ்.டபிள்யூ.ஆர். 1.6-க்கு ஏறியது. நான் பதறினேன், குருநாதர் முதல் தடவையாகச் சிரித்தார். அன்று மாலையே தாம்பரம் பதில் சொன்னது.

பழைய கேபிளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. ஆன்டெனாவிலிருந்து பத்தடி தள்ளி, கொடியாகக் கட்டிவிட்டேன். மாமியின் புடவைகள் இப்போது அதில்தான் காய்கின்றன. முன்னைப்போலச் சீக்கிரம் காய்வதில்லை என்று அவருக்குக் குறை.