அச்சுப்பொறி சம்மதித்தால்

கணினியை முடுக்கியதும் விழித்தெழுந்து, நினைவகம், திரை, விசைப்பலகை, வலையமைப்பு ஆகியவற்றை மற்ற மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் இயங்குதளம் எனப்படும். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் இடங்கொடுக்குமாயின் அது திறமூல இயங்குதளம் ஆகும். இவ்வரையறைகள் எவையும் தெரியாமல் நலமாகவே வாழ்ந்துவந்த கோலாலம்பூரின் பங்சார்வாசிகள் பலருக்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோதுதான் அவற்றைக் கற்கவேண்டிய கட்டாயம் வந்து சேர்ந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்த மையச் செயலகமும் இருந்தாலொழிய வாசற்படியைக்கூட மிதிக்கமாட்டேன் என்கிறது அது. வீட்டிலுள்ள மடிக்கணினியோ, விசைகளில் நாலைந்து எழுத்துகள் தேய்ந்துபோனது தவிர, திடகாத்திரமாகவே இருக்கிறது.

இந்த இக்கட்டில் பிறப்பெடுப்பவரையே இக்கட்டுரை ‘தேர்வாளர்’ எனக் குறிக்கிறது. அவர் பெரும்பாலும் ஐம்பதை நெருங்கிய ஆண். தொழிலால் கணக்காய்வாளராகவோ வழக்கறிஞராகவோ இருப்பாரே ஒழியக் கணினித் துறையினர் அல்லர். லோ யாட் பிளாசாவுக்கு ஒரு நடை போய்ப் புதிய மடிக்கணினி வாங்கிவர வசதியுடையவர், ஆயினும் ஓடுகிற பொருளைத் தூக்கி எறிய மனம் ஒப்பாதவர். (ஜாலான் தெலாவியில் ஒரு கோப்பைக் காப்பிக்கு அவர் முகம் சுளிக்காமல் கொடுக்கும் தொகையை நினைத்தால், இந்தச் சிக்கனம் எந்தப் பரம்பரையில் வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.) அவருடைய துணைவியார் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மாணவர்களுக்குரிய பயிற்சித் தாள்களை ஞாயிறு இரவுக்குள் அச்சிட்டாகவேண்டியவர். தேர்வாளர் தம் ஆய்வின் தொடக்கத்தில் இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்வதில்லை.

முதலில் அவர் கண்ணில் படுவது லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991இல் எழுதத் தொடங்கிய கருநிரல் அது. கருநிரல் என்பது இயங்குதளத்தின் உயிர்நிலை என்றாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாதாகையால், தேவையான பிற மென்பொருள்களைச் சேர்த்து நிறுவுவதற்கு ஏற்ற தொகுப்பாக வெளியிடுவார்கள். இத்தொகுப்புக்கு வழங்கல் என்று பெயர். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், அதை அடியொற்றி 2004இல் மார்க் ஷட்டில்வொர்த் வெளியிட்ட உபுண்டு, உபுண்டுவை அடியொற்றி 2006இல் வந்த லினக்ஸ் மின்ட் என்று தந்தை, மகன், பேரன் வரிசையில் குடும்பம் பெருகியிருப்பதைக் கண்டு புதியவர்கள் மலைத்துப்போவது உண்டு. கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவருக்கு இந்த மலைப்பு தகாது. மாமாக் கடையில் அமர்ந்து, ‘தே’ என்றால் கெட்டிப் பாலும் இனிப்பும் சேர்ந்தது, ‘தே ஓ’ என்றால் பாலில்லாதது, ‘தே சி’ என்றால் ஆவியாக்கிய பால் ஊற்றியது, ‘கோசோங்’ என்றால் சர்க்கரை கூடாது, ‘குராங் மானிஸ்’ என்றால் சற்றே குறைக்கவேண்டும் என்ற இலக்கணமெல்லாம் ஐந்து வயதிலேயே கைவரப்பெற்று, ‘தே ஓ ஆயிஸ் குராங் மானிஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியவருக்கு, ஒரே உபுண்டுவின் மேல் கேடிஇ எனும் திரையமைப்பை ஊற்றினால் குபுண்டு, எக்ஸ்எஃப்சிஇயை ஊற்றினால் சுபுண்டு, எல்எக்ஸ்கியூடியை ஊற்றினால் லுபுண்டு என்பதை விளங்கிக்கொள்ள அரை நாள்கூட ஆகாது. எல்லாவற்றிலும் இருப்பது அதே தேயிலைதான்.

ஆகவே தேர்வாளர் முதற்கட்டத்தில் லினக்ஸ் மின்ட்டை நிறுவுகிறார், அது ஓடுகிறது. வைஃபை பிடிக்கிறது, வருமானவரிப் படிவம் உலாவியில் திறக்கிறது, அச்சுப்பொறியைக்கூடக் கேளாமலே கண்டுபிடித்துக்கொள்கிறது. கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் தொல்லையில்லாத இயங்குதளத்தைப் பற்றி நண்பர்களிடம் பேச எதுவும் இல்லை என்பதும், சித்தப்பா மகன் வரை எவரெவரோ லினக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியவந்ததும், அவருக்குத் ‘திறமூலத்திலும் மாறுபட்ட ஒன்று’ வேண்டியதாகிவிடுகிறது. இங்குதான் ஃபிரீபிஎஸ்டி அறிமுகமாகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் இயங்குதள மரபிலிருந்து 1993இல் கிளைத்த ஃபிரீபிஎஸ்டி, லினக்ஸின் வழங்கல் அன்று. கருநிரலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவின் கையால், ஒரே மூலத்தில் பேணப்படும் முழு இயங்குதளம். அதன் கையேடு பொறுமையாகவும் ஒழுங்காகவும் எழுதப்பட்டது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அதனுடன் வருவதால், மாலை நான்கு மணி இடிமழையில் மின்சாரம் ‘டிரிப்’ ஆகிப் புதுப்பிப்பு பாதியில் அறுந்தாலும், முன்பே பிடித்துவைத்த நிலைக்குத் திரும்பிச் சென்று மீண்டும் தொடங்கலாம். கோலாலம்பூர் வானத்தை அறிந்தவர்கள் இதன் அருமையை எளிதில் உணர்வார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 4 இதன் வழித்தோன்றலில் ஓடியது. ஆப்பிள் கணினிகளின் இயங்குதளத்திலும் இதன் பகுதிகள் உண்டு. இவ்வளவு பெருமையும் உள்ளதன் சின்னமோ, கொம்பு முளைத்து, கையில் முச்சூலம் ஏந்திச் சிரிக்கும் ஒரு செந்நிறக் குட்டிப் பூதம். அதன் ஒட்டுவில்லை மடிக்கணினியின் மூடியில் ஏறிய நாள்முதல், வீட்டின் மூத்த அம்மையார் அந்தக் கணினியைக் காலால் தள்ளிவிட்டு நடப்பதை நிறுத்திக்கொண்டு, அதற்கு நேரே உட்காருவதையும் தவிர்த்தார் என்றால், முனியாண்டிக் கோயில்கள் நிறைந்த நாட்டில் அவரைக் குறைசொல்ல முடியாது.

இனி வைஃபை. புதிய வைஃபை சில்லுகளுக்கான இயக்கி, அதாவது வன்பொருளோடு பேசத் தெரிந்த சிறு நிரல், ஃபிரீபிஎஸ்டியில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. இக்குறையைப் போக்கவே ஃபிரீபிஎஸ்டி அறக்கட்டளை 2024இல் மடிக்கணினிகளுக்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவரை பொறுக்காத அன்பர்கள் கண்டுபிடித்த வழி ‘வைஃபைபாக்ஸ்’: ஃபிரீபிஎஸ்டிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதற்குள் ஒரு குட்டி லினக்ஸைக் குடிவைத்து, வைஃபை அட்டையை அதனிடம் ஒப்படைத்து, அது வாங்கித் தரும் இணையத்தைத் தான் பயன்படுத்திக்கொள்வது. லினக்ஸ் வேண்டாம் என்று வெளியேறியவர், அதே லினக்ஸைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்து இணையம் பிடித்துத் தரச் சொல்வது தன்மானத்துக்கு இழுக்கன்றோ என்று கேட்டால், தேர்வாளர் அதனைக் ‘கட்டமைப்பு நேர்த்தி’ என்பார்.

நெட்ஃபிளிக்ஸ் விவகாரம் இதனினும் நுட்பமானது. அந்நிறுவனம் தன் படங்களை உலகெங்கும் வீடுகளுக்கு அனுப்ப வைத்திருக்கும் வழங்கிக் கணினிகள் ஃபிரீபிஎஸ்டியில் ஓடுபவை. வெள்ளி இரவில் பங்சாரின் வரவேற்பறையில் ஓடும் தமிழ்ப் படமும் அவ்வழியே வருவதுதான். ஆனால் அப்படத்தை ஃபிரீபிஎஸ்டி உலாவியில் பார்க்க முனைந்தால் திரை மறுக்கும். காப்புரிமைப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற கூறு இத்தளத்துக்கு நேரடியாகத் தரப்படவில்லை. சமையற்காரருக்குத் தம் கையால் பரிமாறிய பந்தியில் இலை போடவில்லை. சுற்றுவழி இருக்கிறது, அதுவும் லினக்ஸ் உலாவியை ஃபிரீபிஎஸ்டிக்குள் ஓடவைப்பதுதான். குட்டி லினக்ஸ்களின் எண்ணிக்கை இப்போது இரண்டு.

தமிழில் எழுதுவது எப்படி என்ற கேள்வியை மலேசியாவில் ஒருவர் அலட்சியமாகக் கேட்க முடியாது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியது இம்மண்ணில்தான். 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2013இல் அது மீண்டும் வந்தபோது, பங்சாரிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடியது. திறமூலத் தளங்களில் எழுத்துருவும், 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் நன்றாகவே அமைந்துள்ளன. ஆயினும் முரசு அஞ்சலில் ஊறிய விரல்கள் வேறொரு தட்டச்சு முறைக்குப் போனால், மூளை அறியாமலே பழைய விசைகளைத் தேடும். ஆசிரியை ஒருவரின் கேள்வித்தாளில் றகரமும் ரகரமும் இடம் மாறினால் பழி இயங்குதளத்தின் மேல் விழாது.

அரசுகளுக்கு இத்தொல்லைகள் கிடையா. மலேசியப் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு எனும் நிர்வாக நவீனமயத் துறை 2004இல் அறிவித்தது. தமிழகத்தில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தலைமையில் எல்காட் என்ற அரசு நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அலுவலகத்தில் சுற்றறிக்கை ஒன்று போதும். பங்சார் வீட்டில் தேர்வாளர் சுற்றறிக்கை விட்டால், அது எந்தத் தாளில் அச்சாகும் என்ற வினா எழும்.

அச்சுப்பொறி சாதாரணப் பொருள் அன்று. திறமூலத்துக்கு முன்னோடியான தளையறு மென்பொருள் இயக்கத்தின் வேரே ஓர் அச்சுப்பொறியில்தான் இருக்கிறது: எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் பொறி ஓயாமல் தாள் சிக்கி நின்றபோது, அதைப் பயனருக்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்த விரும்பிய ரிச்சர்ட் ஸ்டால்மன், மூலநிரல் மறுக்கப்பட்ட சினத்தையும் சுமந்தே 1983இல் குனூ என்ற தளையறு இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் முடிவு சொல்வது அச்சுப்பொறியே. இயக்கி தேவைப்படாத புதுப் பொறிகளில் சிக்கலில்லை. ஆனால் வீட்டிலிருப்பது மலிவான பழைய பொறி, அதன் தயாரிப்பாளர் விண்டோசுக்கும் லினக்ஸுக்கும் இயக்கி தந்திருக்கிறார், ஃபிரீபிஎஸ்டி என்ற பெயரைக் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது குட்டி லினக்ஸைப் பற்றித் தேர்வாளர் விளக்கத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை இரவில், துணைவியாரின் குறுக்கீடு பின்வருமாறு பதிவாகியுள்ளது: “என்னங்க, அதெல்லாம் இருக்கட்டும். பிரிண்டர் ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க லா.”

இதற்குப்பின் ஃபிரீபிஎஸ்டி பொருள் அறைக்கு இடம்பெயர்ந்து, கம்பிவழி இணைப்பில், குடும்பப் படங்களைக் காக்கும் சேமிப்புக் கணினியாகப் பணியாற்றுகிறது. அப்பணிக்கு அதனினும் பொருத்தமானது அரிது என்பதைப் பகைவரும் ஒப்புவர். தேர்வாளர் இப்போது ஹைக்கூ பற்றிப் படித்துவருகிறார். 2001இல் தொடங்கி, முதல் பீட்டாவை 2018இல் வெளியிட்டு, 2024இல் ஐந்தாம் பீட்டாவை எட்டிய தளம் அது, அவசரமில்லாதவர்களுக்கு ஏற்றது. துணைவியாரோ, தம்முடைய பழைய மடிக்கணினியை விண்டோஸ் 10இன் ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தில் இரண்டு மூன்று சொடுக்குகளில் பதிந்துவிட்டு, 2026 அக்டோபர் வரை கவலையற்று இருக்கிறார். ஞாயிறுதோறும் அதிலிருந்து நாற்பது தாள்கள் இருபக்கமும் அச்சாகின்றன. அவற்றை வரிசைப்படுத்தி ஊசி அடித்துக் கொடுப்பது தேர்வாளரின் பொறுப்பு.