அவசரம்: வேலை நேரத்தை அளப்பது பற்றி ஒரு சிறு கட்டுரை

திருவரங்கம் கோயிலில் ‘அவசரம்’ என்ற சொல்லுக்குப் பதற்றம் என்று பொருள் இல்லை. உச்சிப் பொழுதில் பெரிய பெருமாளுக்கு அமுது செய்விக்கும் வேளைக்குப் ‘பெரிய அவசரம்’ என்று பெயர். அப்போது தரிசனம் நின்றுவிடும். எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவரும் காத்திருப்பார். வடமொழியில் அவசரம் என்றால் உரிய வேளை. கோபுர வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் அது ஓட்டமும் மூச்சிரைப்புமாக மாறியது. வேலை நேரத்தைக் குறித்துவைக்கும் மென்பொருளைத் தெருவின் பொருளில் பயன்படுத்துகிறவர்கள் நொந்துபோகிறார்கள் என்பதும், கோயிலின் பொருளில் பயன்படுத்தினால் அது காப்பாற்றும் என்பதும் என் துணிபு.

நான் திருவரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஒரு மாடியறையில் மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்க்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. காவிரிக்கு அக்கரையில், பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போகிறவருக்குச் சங்கு ஊதும். அவருடைய நேரத்தை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். ஃப்ரீலான்ஸருக்கு வேலை செய்வதும் அவர்தான், வேலை நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். மனம் எளிதில் அலைகிற ஒருவருக்கு இந்த இரண்டாவது பதவி தாங்காது.

பழைய அரசர்களுக்கு இது தெரிந்திருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில், போர்ப் பாசறைக்குள்ளும் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். நீர்க்கன்னலைப் பார்த்து இவ்வளவு பொழுது சென்றது என்று மன்னனிடம் சொல்வது அவர்கள் தொழில். அடியில் சிறு துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழ்வதை வைத்து நாழிகை எண்ணும் முறையும் இந்த நாட்டில் வெகுகாலம் இருந்தது. படை நடத்துகிறவன் வட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. வட்டிலைப் பார்க்கிறவன் படை நடத்த வேண்டியதில்லை. இந்தப் பிரிவினைதான் முக்கியம். எஸ்டோனியாவில் 2006-இல் தொடங்கிய டாகிள் ஆகட்டும், பின்னால் வந்த கிளாக்கிஃபை ஆகட்டும், இந்த மென்பொருள்கள் என் மேசைக்கு அந்தக் கணக்கரைத் திருப்பித் தருகின்றன. தொடங்கும்போது ஒரு பொத்தான், நிறுத்தும்போது ஒரு பொத்தான், நடுவே ஓடும் எண்கள். கருவியைப் பற்றி இதற்குமேல் சொல்ல அதிகமில்லை.

மனத்தைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. விசயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில் திருச்சி அரண்மனையில் அலுவல் பார்த்தவர் என்று சொல்லப்படும் தாயுமானவர், கொடிய விலங்குகளை அடக்குவதைவிடச் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று பாடினார். அரண்மனை அலுவலைத் தெரிந்தவர் சொன்னது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். ஆனால் அடக்குவது என்ற சொல்லைவிட, இங்கிருந்து மேற்கே சில மைல் தள்ளி முக்கொம்பில் கிடைக்கும் பாடம் எனக்குக் கூடுதலாக உதவியிருக்கிறது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் கூடியது. அதனால் நீர் தானாக அந்தப் பக்கம் சாயும். காவிரிக் கிளையில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். நீர் சோம்பேறி என்று அவர் எழுதி வைக்கவில்லை. சரிவை அளந்து, குறுக்கே ஒரு சுவர் வைத்தார். என் கையும் அப்படியே போன் பக்கம் சாய்கிறது. அங்கே சரிவு அதிகம். இங்கே நாற்பதாம் பக்கத்தின் அடிக்குறிப்பு மேடு. பல வருடம் இதை ஒழுக்கக் கேடு என்று நினைத்து என்னை நானே திட்டிக்கொண்டு வீணாக்கினேன். ஓடத் தொடங்கிய டைமர் ஒரு சிறிய மேலணை. போனை எடுக்குமுன் அதை நிறுத்த வேண்டும் என்ற ஒரே விதிதான் சுவர்.

சுவர் உயர்ந்தாலும் ஆபத்து உண்டு. மேலணை வந்த பின் காவிரியில் அளவுக்கு மீறி நீர் பாய்ந்து படுகையை அரிக்கவே, அந்தத் தலைப்பிலும் ஒரு தடுப்பு தேவைப்பட்டது. கொள்ளிடம் இல்லாவிட்டால் பெருவெள்ளத்தில் திருவரங்கத் தீவும் கீழே டெல்டாவும் என்னவாகும்? 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைத் திருச்சிக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். ஆகவே என் கணக்கில் ‘கொள்ளிடம்’ என்றே ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன். அலைந்த நேரமெல்லாம் அதில் ஏறும். மறைக்கத் தேவையில்லாதபோது அலைச்சல் குறைகிறது என்பதை என்னளவில் கண்டிருக்கிறேன்.

ஒரு தடவை டைமர் ஓட வேண்டிய அளவு எது? 1980களின் இறுதியில் இத்தாலிய மாணவர் பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்துக்கொண்டு 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று வகுத்தார். நாழிகை 24 நிமிடம். எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது என்று சொல்வதற்காக இதை எடுக்கவில்லை; ஒரே இடத்தில் மனம் ஊன்றி இருக்கக்கூடிய நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கவனத்தை ஆராயும் குளோரியா மார்க், இடையூறுக்குப் பின் பழைய வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ 23 நிமிடம் ஆவதாகச் சொல்லியிருக்கிறார். அதாவது ஒரு தடவை போனைப் பார்த்தால் ஒரு நாழிகை போயிற்று. இதைப் படித்த அன்றே டைமரை 24 நிமிடத்துக்கு மாற்றினேன். கிளையன்ட்டுக்கு மணியில் பில் போடுகிறேன். இரண்டரை நாழிகை ஒரு மணி, கணக்கு எளிது.

பெயரிடுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ‘வேலை’ என்று பதிவு செய்தால் மாதக் கடைசியில் ‘வேலை’ என்றே பதில் வரும். ‘மூன்றாம் இயல், 12 முதல் 15 வரை, இரண்டாம் மெய்ப்பு’ என்று எழுதிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். சங்கல்பத்தில் ஊர், நாள், செய்யும் காரியம் எல்லாவற்றையும் சொல்வது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அப்படி எழுதியதால் ஒன்று தெரிந்தது: வேகமாக முடிப்பதாக நான் நம்பியிருந்த சட்ட ஆவணங்கள்தான் நாழிகைகளை விழுங்கின. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி கேட்கும் மொழிபெயர்ப்பாளர், ஆயிரம் சொல்லுக்குத் தனக்கு எத்தனை நாழிகை ஆகிறது என்று தெரியாமல் பேரம் பேசக்கூடாது. நான் நெடுநாள் அப்படித்தான் பேசினேன்.

மென்பொருளிடம் ஒரு குறை. சில நிமிடம் விசை தட்டாவிட்டால், சும்மா இருந்த நேரத்தைக் கழித்துவிடவா என்று கேட்கிறது. ஒரு வினைமுற்றுக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பது அதன் கண்ணுக்கு ஓய்வு. கழிக்காதே என்று சொல்லும் துணிவை வளர்த்துக்கொள்ள வேண்டும், யோசித்ததும் கூலிக்குரியதே.

வீதியில் நாகஸ்வரம் கேட்டால் மட்டும் விதி வேறு. பெருமாள் புறப்பாடு இடையூறு ஆகாது. டைமரைக் கையால் நிறுத்திவிட்டு, படியிறங்கி, சேவித்துவிட்டு ஏறி வருவேன். மனம் வேலையின் பக்கத்திலேயே நிற்கிறது. ஏன் என்று இன்னும் ஆராய்கிறேன்.

இரவில் கோயிலில் அரவணை அமுது செய்வித்து நடை சாத்துவார்கள். அதற்குப் பிறகு என் கணக்கில் ஒரு வரியும் ஏறக்கூடாது என்று வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு ஏறியிருந்தன. இரண்டிலும் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தேன்.