விரலுக்கு ஒரு விகிதம்

இந்தியாவில் 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை மளிகைக்கடை விலைப்பட்டியலைப் போல ஒளிவுமறைவு இல்லாததாக இருந்தது. கட்டைவிரல் முழுதாகப் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் தலா 7. எலும்பு தப்பி, சுண்டுவிரல் நுனி மட்டும் நறுக்கென்று போனால் 2.

விரலாவது பரவாயில்லை, துண்டாகி விழுந்து தானே சாட்சி சொல்லிவிடும். காதுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. இயந்திர இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை மூன்றாம் அட்டவணையின் இரண்டாம் பகுதியில் இருந்தது. அதைத் தொழில்நோய் என்று சட்டம் ஒப்புக்கொள்ள, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே தொழிலாளத் தோழர்கள், செவிடாவதற்கு முன் வருகைப் பதிவேட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.